ராஜினாமா எண்ணிக்கை: பூஜ்யம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் காப்வே மாகாண எடை அளவு அலுவலகத்தின் 'சிந்தித்து விலகும் திட்ட'த்தைக் கண்டுபிடித்தது. நடுவே வந்த மின்சாரம், ரயில், தடுப்பூசி எல்லாம் சில்லறைச் சமாச்சாரங்கள் என்பது என் தாழ்மையான கருத்து. தாழ்மை என்று சொல்லக் காரணம், அந்தத் திட்டத்தின் பொறுப்பு அதிகாரி நான்தான்.

பெயர் ஓபெட் ஹமூங்கா, மனிதவளப் பிரிவு. பிரிவில் நானும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கிறோம். முத்திரையை எப்போதும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன்.

எங்கள் சாதனையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பதினோரு வருடங்களில் ராஜினாமா எண்ணிக்கை: பூஜ்யம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பூஜ்யத்தைச் சுத்தமான தாளில் தட்டச்சு செய்து தலைநகர் லுசாகாவுக்கு அனுப்புவேன். பொறாமைக்காரர்கள் சிலர் பா சிமுகொண்டாவின் பெயரை இழுப்பார்கள். (பா என்பது இங்கே பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை. என்னை அப்படிக் கூப்பிடுபவர் ஒரே ஒருவர்தான் என்றாலும், பெரியவர்களுக்கு நான் தவறாமல் வைப்பேன்.) பா சிமுகொண்டா எட்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடப் போனவர். இன்னும் திரும்பவில்லை. அலுவலகத்துக்கு எதிரிலேயே வெல்டிங் பட்டறை வைத்து இரண்டு பேருக்கு வேலையும் கொடுத்திருக்கிறார். அங்கே பொறி பறப்பது என் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் வருகைப் பதிவேட்டின்படி அவர் 'உணவு இடைவேளை'யில் இருக்கிறார். பதிவேட்டை மீறிப் பேச நான் யார்?

திட்டத்தை எங்களுக்கு அருளியவர் லுசாகாவிலிருந்து வந்த டாக்டர் புரூடென்ஸ் அம்மையார். முலுங்குஷி அணைக்கட்டுப் பக்கம் ஒரு விடுதியில் மூன்று நாள் பயிற்சி. "வேலை மாறுவது சட்டை மாற்றுவது அல்ல. நெஞ்சில் கை வைத்துச் சிந்திக்க வேண்டும்" என்றார். எல்லோரும் நெஞ்சில் கை வைத்தோம். பிறகு சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்தோம்.

அவர் விட்டுச்சென்ற படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். ஐந்தாவது: 'நீங்கள் போய்விட்டால் உங்கள் நாற்காலி உங்களைப் பற்றி என்ன நினைக்கும்?' ஒன்பதாவது: 'நீங்கள் ஒரு மரமாக இருந்தால் எந்த அலுவலக வளாகத்தில் நடப்பட விரும்புவீர்கள்?' நாற்பத்திரண்டாவதுதான் மகுடம்: 'போதுமான அளவு சிந்தித்துவிட்டீர்களா?' எதிரே இரண்டு கட்டங்கள். 'ஆம்', 'இன்னும் சிந்திக்க வேண்டும்'. 'ஆம்' என்று குறிப்பவர்களிடம் அவசர புத்தி இருப்பது அதிலேயே தெரிந்துவிடுவதால், அவர்கள் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

படிவத்தின் சக்திக்கு ஓர் உதாரணம். எங்கள் அலுவலர் ஒருவருக்கு ஒன்பது வருடங்களுக்கு முன் அவருடைய சொந்த ஊரான சோமாவில் நல்ல வேலை ஒன்று கிடைத்தது. அவர் படிவத்தை எடுத்துச் சிந்தித்தார். அவர் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலைக்கு வேறொருவர் வந்து, பதவி உயர்வு பெற்று, ஓய்வும் பெற்றுவிட்டார். எங்கள் அலுவலர் எந்தத் தவறான முடிவும் எடுக்கவில்லை. அவர் யார் என்பது இங்கே முக்கியமல்ல.

இப்படிப்பட்ட அலுவலகத்தில்தான் லெவாய் மசெகோ என்ற மனிதர் ராஜினாமா செய்யத் துணிந்தார்.

லெவாய் எங்கள் முத்திரை ஆய்வாளர். நாங்கள் பதின்மூன்று பேர் எடை அளவு குறித்துக் கூட்டம் நடத்துவோம்; சந்தைக்குப் போய்த் தராசைத் தூக்கிப் பார்ப்பது அவர் ஒருவர்தான். கறிக்கடைத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அவர் விரல் நேராகப் போய்த் தொடும். மக்காச்சோள மாவு மூட்டையைத் தோளில் ஏற்றியவுடனே, "அரைக் கிலோ எங்க போச்சு?" என்று கேட்பார். கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் பயம். வாங்க வந்த பெண்களுக்கு அவரைக் கண்டால் உட்கார இடம் கொடுக்க ஆசை.

அவருடைய மனைவி எஸ்னார் சிப்பாட்டாவில் பள்ளி ஆசிரியை. அவர் காப்வேக்கு மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் இல்லை என்று பதில் வந்தது. ஆக லெவாய் இங்கே, மனைவியும் ஏழு வயது மகள் தோக்கோவும் அங்கே. நடுவில் ஒரு முழுநாள் பஸ் பயணம். ஐந்து வருடமாக இப்படி. போன முறை லீவில் போனபோது கதவைத் திறந்த குழந்தை உள்ளே திரும்பி, "அம்மா, விசிட்டர் வந்திருக்காரு" என்று சொல்லிற்றாம்.

சிப்பாட்டாவில் நிலக்கடலை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தங்கள் தராசுகளைப் பார்த்துக்கொள்ள நேர்மையான ஆள் தேடியது. லெவாய் அவசரப்பட்டு ஓடவில்லை என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தன் லீவில் பத்து நாள் அங்கே போய்ச் சும்மா வேலை பார்த்தார். அங்கிருந்து விலகியவர்கள் இரண்டு பேரைத் தேடிப் போய், ஏன் விலகினீர்கள் என்று விசாரித்தார். எஸ்னாரோடு உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பேசினார். விலகுவதா வேண்டாமா என்று ஏற்கெனவே மூன்று வருடம் மனதில் போட்டுப் புரட்டியிருந்தார். ஆனால் இதெல்லாம் எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. எனவே திட்டத்தின் கண்ணோட்டத்தில் அவர் சிந்திக்கவே இல்லை.

ஜூன் முப்பதுக்குள் எங்கள் அலுவலகத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவந்தால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. சங்கம் தெளிவாக எழுதிவிட்டது.

இதில் சிக்கல் எதுவும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் எங்கள் தலைமை அதிகாரி பா போஸ்கோ கசொண்டே பெம்பா இனத்தவர். லெவாய் ங்கோனி. இந்த நாட்டில் இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரு காலத்தில் ஈட்டியோடு மோதிக்கொண்டவர்கள்; அதற்குப் பரிகாரமாக இப்போது ஒருவரையொருவர் கேலியிலேயே குத்திக்கொள்கிறார்கள். சிம்புயா உறவு என்போம். மாமன் மச்சான் கேலி எல்லாம் இதன் காலில் விழ வேண்டும். சிம்புயா என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் மனிதனே அல்ல.

பதினோரு வருடமாக இருவரும் இந்த உறவைப் பொன்னைப் போலப் பேணினார்கள். 'கிடங்கில் பிடிபடும் எலிகள் அனைத்தும் ங்கோனி அலுவலரின் மதிய உணவாகக் கருதப்படும்' என்று கசொண்டே முறைப்படி சுற்றறிக்கை விட்டார். நான்தான் முத்திரை வைத்தேன். மேலிடத்து ஆய்வு வந்த அன்று லெவாய், கசொண்டேயின் முதுகில் 'எடை குறைவு: பறிமுதல்' என்ற சீட்டைத் தொங்கவிட்டார். ஒருமுறை கசொண்டே இறந்துவிட்டதாக உள்ளூர் வானொலியில் அறிவிப்பே கொடுத்துவிட்டார். உறவினர்கள் விறகும் மாவும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, கதவைத் திறந்த கசொண்டே சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் விலா வலியோடு படுத்துவிட்டார். அதிகாரியை ஒருமையில் அழைக்கும் உரிமை அலுவலகத்தில் லெவாய்க்கு மட்டும்தான் இருந்தது.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, லெவாய் கோட்டு போட்டுக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார். நானும் ஏதோ கோப்போடு உள்ளே நின்றிருந்தேன்.

"உக்காரலாங்களா சார்?" என்றார் லெவாய்.

கசொண்டே நிமிர்ந்து பார்த்தார். "சாரா?"

"எனக்கு சிப்பாட்டாவுல வேலை கெடச்சிருக்குங்க சார். இது ராஜினாமாக் கடிதம். முப்பதாம் தேதிக்குள்ள விடுவிச்சுக் கொடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

கசொண்டே கடிதத்தை வாங்கிப் படித்தார். மெதுவாக அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"சிப்பாட்டாவுல என்ன, எலி சீசனா?"

"இல்லீங்க சார். நெசமாத்தான் சொல்றேன்."

"ஹமூங்கா, இவன் மூஞ்சியப் பாருங்க. ஒரு கீத்துச் சிரிப்பு தெரியுதா? கோட்டு வேற மாட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"என் மக என்ன விசிட்டர்ங்கறா சார்."

"ஐயோ, மகளையும் சேத்துக்கிட்டான்யா." கசொண்டே மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பதினோரு வருஷத்துல நீ செஞ்சதுல இதாண்டா உச்சம். வானொலியில என்னச் சாகடிச்சியே, அதெல்லாம் இதுக்கு முன்னால தூசு."

கடிதத்தை வெளியே கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் குத்தினார். மேலே சிவப்பு மையில் 'இவ்வருடத்தின் சிறந்தது' என்று எழுதினார். அன்று முழுவதும் போவோர் வருவோரெல்லாம் லெவாயின் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். அவர் உண்மை என்று சொல்லச் சொல்ல, பாராட்டு கூடியது.

சாயங்காலம் என் அறைக்கு வந்தார்.

"பா ஹமூங்கா, நீங்க தோங்கா இனம். எங்க ரெண்டு பேரு விளையாட்டுல நீங்க இல்ல. நான் விளையாடலன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா போதும்."

"படிவம் நிரப்பிட்டியா?"

"எந்தப் படிவம்?"

கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நிரப்பித் திருப்பினார். அந்த வேகமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மரம் பற்றிய கேள்விக்கு 'நான் மரம் இல்லை' என்று எழுதியிருந்தார். நாற்காலி என்ன நினைக்கும் என்ற கேள்விக்கு 'நான் அதில் உட்கார்ந்ததில்லை, சந்தையில் இருப்பேன்' என்று எழுதியிருந்தார். நாற்பத்திரண்டில் 'ஆம்'.

"சிந்தனை போதாது, லெவாய்" என்றேன் வருத்தத்தோடு.

"மூணு வருஷமா தூக்கமில்லாம யோசிச்சிருக்கேங்க."

"அதுக்கு ஆதாரம்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அரைக் கிலோ குறைந்த மூட்டையை அப்படித்தான் பார்ப்பார். "நான் விளையாடலன்னு உங்களுக்குத் தெரியுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது. ஆனால் ஓர் அதிகாரிக்குத் தெரிவதும் ஓர் அலுவலகத்துக்குத் தெரிவதும் ஒன்றாகிவிடுமா? முறையாகச் செய்வோம் என்று சொல்லி, மறுநாளே 'விளையாட்டா உண்மையா நிர்ணயக் குழு' ஒன்றை அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர், கிடங்குப் பொறுப்பாளர் பா நாமாகாவ் அம்மையார்.

இங்கே ஒரு நுட்பமான இடையூறு. நாமாகாவ் லோஸி இனம். தோங்காவுக்கும் லோஸிக்கும் இதே சிம்புயா உறவு உண்டு. அதாவது அந்த அம்மாள் என் சிம்புயா.

முதல் கூட்டம். தேநீரும் வித்தும்புவா என்ற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளும் பரிமாறப்பட்டன. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்.

"அவன் விளையாடல. இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்?" என்றார் நாமாகாவ், வாயில் வித்தும்புவாவோடு.

"இத நான் பதிவு செய்ய முடியாதே."

"ஏன் முடியாது?"

"நீங்க என் சிம்புயா. என் முன்னால நீங்க சொல்றது உண்மையா கேலியான்னு எப்படி முடிவு பண்றது?"

"மாடு மேய்க்கப் போக வேண்டியவங்க கையில முத்திரையக் குடுத்தா இப்படித்தான்."

"பாத்தீங்களா, கேலிதான்" என்று குறிப்பெழுதிக்கொண்டேன். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு மேலும் மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஏகமனதாக நிறைவேறியது என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

நாட்கள் போயின. லெவாய் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். கசொண்டே எலி என்றால் பதில் இல்லை. புழு என்றாலும் பதில் இல்லை. பதில் வராத கேலியை ஒருவர் எத்தனை நாள் தனியாகச் சுமக்க முடியும்? கசொண்டேயின் சிரிப்பு சத்தம் கூடிக் கூடி, நடுவில் ஒருவித இருமல் போல ஆகிவிட்டது. இருபதாம் தேதி வாக்கில் அறிவிப்புப் பலகையில் கடிதத்தைக் காணோம். அவர் அதைக் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியதை நான் பார்த்தேன். விளையாட்டுக் கடிதத்தை யாரும் பூட்டி வைப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இழுப்பறைகள் என் பிரிவின் கீழ் வருவதில்லை.

இதற்கிடையில் லுசாகாவிலிருந்து நற்செய்தி. பதினோரு வருடப் பூஜ்யத்தைப் பாராட்டி எங்களுக்கு 'நிலைத்த பணியாளர் கேடயம்'. ஜூலை ஐந்தாம் தேதி டாக்டர் புரூடென்ஸே நேரில் வந்து வழங்குவார். நான் இரண்டு நாள் கால் தரையில் படாமல் நடந்தேன். லெவாயை வழியில் பார்த்தால் மட்டும் வேறு பக்கம் போனேன்.

இருபத்தாறாம் தேதி கசொண்டேயின் தாய்மாமன் காலமானார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெம்பாக்களில் தாய்மாமன் என்றால் தகப்பனுக்கு ஒரு படி மேல். வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி அடக்கம். சனி, ஞாயிறு விடுமுறை. அதாவது லெவாய்க்கு மிச்சம் இருந்த கடைசி வேலைநாளில் அலுவலகமே இடுகாட்டில் நின்றது. நான் மறக்காமல் கோப்பையும் கொண்டுபோயிருந்தேன். நான் எங்கும் கோப்பில்லாமல் போவதில்லை.

பழைய ரயில்வேக்காரர்கள் இருநூறு பேர். தேவாலயப் பெண்கள் சீருடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை இறக்கப் போகும் சமயம், லெவாய் அதே கோட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கயிற்றுக்காரர்களைத் தாண்டிக் குழிக்குள் இறங்கினார். மல்லாந்து படுத்துக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு மயக்கம் வந்திருக்கும். எங்களுக்கு இது பழக்கம். சாவு வீட்டில் துக்கத்தை உடைப்பது சிம்புயாவின் கடமை. குழியில் படுத்துக்கொண்டு, கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்பார்கள். ஒரு கோழியோ, குடிக்க ஏதாவதோ கொடுத்து எழுப்புவார்கள். கொடுக்காவிட்டால் பெட்டி இறங்காது. செத்தவருக்கு அதைவிட அவமானம் இல்லை.

"ங்கோனி வந்துட்டான்யா" என்று கூட்டம் கலகலத்தது. குடும்பத்துப் பெரியவர் பா சித்தாலு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா வேணும்? கோழியா?"

"வேணாங்க."

"ஆடா? இடம் சொகமா இருக்குன்னு ரொம்பத்தான் கேக்காத."

"உங்க மருமகனோட கையெழுத்து வேணும். கடிதம் ஹமூங்கா கோப்புல இருக்கு."

பெரியவர் கசொண்டே பக்கம் திரும்பினார். "ஒரு கையெழுத்துதானே. போட்டுக் குடு. பொணம் வெயில்ல இருக்கு."

கசொண்டேயின் முகத்தில் சிரிப்பு இல்லை. "மாமா, இது அலுவலக விஷயம். விளையாட்டு இல்ல."

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூணு வாரமா நானும் அதத்தானே சொன்னேன்."

பாட்டு நின்றுவிட்டது. யாரோ ஒரு ரயில்வேக்காரர் தொண்டையைச் செருமினார். கசொண்டே குழியின் விளிம்புக்குப் போய்க் குந்தினார். அவருடைய காலணியிலிருந்து கொஞ்சம் மண் லெவாயின் கோட்டில் உதிர்ந்தது.

"மொத நாளே எனக்குத் தெரியும்டா" என்றார் மெல்ல. "நீ சார்னு கூப்பிட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் சிரிச்சியா?"

"சிரிக்காம? நீ போயிட்டா சந்தைக்கு யாரு போவா? இந்த ஹமூங்காவா? சரி, சந்தை கெடக்கட்டும். அந்த அலுவலகத்துல என்னத் திட்டறதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா சொல்லு. எல்லாரும் சார் சார்ங்கறானுங்க. வீட்டுக்குப் போனா தொண்ட காஞ்சிருக்கு எனக்கு."

"எம் பொண்ணு என்ன விசிட்டர்ங்கறா, போஸ்கோ."

கசொண்டே எழுந்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "ஹமூங்கா, எடுங்க அந்தக் கடிதத்த."

என் கடமையை நான் மறக்கவில்லை. "சார், மரக் கேள்விக்கான விடை இன்னும் திருப்திகரமா…" என்று தொடங்கினேன்.

"குத்துங்கய்யா முத்திரைய, மாடு மேய்க்கி" என்றார் பின்னாலிருந்து நாமாகாவ். அது கேலியா உண்மையா என்று ஆராய எனக்கு அவகாசம் தரப்படவில்லை. மேசை இல்லாததால் என்னைக் குனியச் சொன்னார்கள். அசல் கடிதம் இழுப்பறையில் இருக்க, கோப்பிலிருந்த நகலை என் முதுகில் வைத்து, 'விடுவிக்கிறேன்' என்று எழுதிக் கசொண்டே கையெழுத்திட்டார். பேனா அழுந்தியது இன்னும் நினைவிருக்கிறது. நான் முத்திரை வைத்தேன். நான்கு பேர் கைகொடுத்து லெவாயை மேலே தூக்கினார்கள். அவர் கடிதத்தை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டார். கசொண்டே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மாமாவுக்காக அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை லெவாய் பஸ் ஏறினார்.

இனி என் கதி என்ன? ஒரு வாரத்தில் கேடயம். கையில் ஒரு ராஜினாமா. பூஜ்யம் ஒன்றாகிவிட்டால் லுசாகாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? படிவம் சொல்வது போலவே இரண்டு நாள் நானும் சிந்தித்தேன். பிறகு விடை கிடைத்தது. நடந்தவை எல்லாமே விதிகளுக்குள் அடங்குபவைதான். விடுவிப்பு நிகழ்ந்த இடம்: இடுகாடு. கையெழுத்தாகும் தருணத்தில் மேற்படி அலுவலர் இருந்த இடம்: ஆறடிக் குழி. சாட்சிகள்: இருநூறு பேர். மேலும் துக்கப் பாடல்கள் பாடப்பட்டன. எனவே இதை 'ராஜினாமா' பத்தியில் சேர்ப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. 'மறைந்தோர்' பத்தியில் சேர்த்தேன்.

ஜூலை ஐந்தாம் தேதி விழா சிறப்பாக நடந்தது. மறைந்த லெவாய் மசெகோவுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். டாக்டர் புரூடென்ஸ் நெஞ்சில் கை வைத்தார், நாங்களும் வைத்தோம். கசொண்டே மட்டும் வைக்கவில்லை. ஜன்னல் வழியே வெல்டிங் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துச் சிப்பாட்டாவிலிருந்து தொலைபேசி.

"பா ஹமூங்கா, லுசாகாவுலேர்ந்து எஸ்னாருக்கு இரங்கல் கடிதம் வந்திருக்கு. பதிவுத் தபால். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"மன்னிக்கணும் லெவாய். நடைமுறை."

"பரவால்ல. நல்ல வார்த்தைங்கதான் எழுதியிருக்காங்க. இருக்கறப்ப ஒருத்தரும் சொல்லல." பின்னால் ஒரு குழந்தையின் குரல் கேட்டது: "அப்பா, நிசிமாக் களி ஆறுது, வா." லெவாய் சிரித்தார். "போறேங்க. செத்தவனுக்கு நல்லாப் பசிக்குது. ஆமா, உங்க சோமா வேலை என்னாச்சு?"

யார் சொல்லியிருப்பார்கள்? நாமாகாவாகத்தான் இருக்கும். "பரிசீலனையில இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று ஆண்டறிக்கைக்காக அட்டவணையை எடுத்தேன். 'பணியில் இருப்போர்': பதின்மூன்று. 'மறைந்தோர்': ஒன்று. 'ராஜினாமா': பூஜ்யம். கூட்டல் சரிபார்ப்பதற்காக எழுந்து ஒருமுறை சுற்றிவந்தேன். கசொண்டே எலிச் சுற்றறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சந்தைத் தராசுகளைப் பற்றிய கூட்டம் நான்காவது வாரமாக நடந்துகொண்டிருந்தது. சந்தைக்கு யாரும் போகவில்லை. உள்ளே யாரும் பேசவும் இல்லை. எதிரே, உணவு இடைவேளையில் இருக்கும் பா சிமுகொண்டா ஒரு இரும்புக் கேட்டைப் பற்றவைத்துக்கொண்டே உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். நான் என் நாற்காலிக்குத் திரும்பி, இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய ஒரு படிவத்தை எடுத்தேன். ஒன்பதாவது வருடமாக, நாற்பத்திரண்டாவது கேள்வியில், 'இன்னும் சிந்திக்க வேண்டும்' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பிறகு அட்டவணையைச் சுத்தமான தாளில் எழுதி, மறுபடி பார்த்தேன். எண்களில் பிழை இல்லை. 'பணியில் இருப்போர்', 'மறைந்தோர்' என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். திருத்தாமல், அப்படியே முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.